248 நாளும் ஒரு பிடி சோழியும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எங்கேயாவது ஒரு எண் கண்ணுல பட்டா, அது ஏன் அந்த எண்ணா இருக்கு, பக்கத்து எண்ணா இருந்தா என்ன குடி முழுகிப் போயிடும்னு கேக்கத் தோணும். படிச்சது டிப்ளமோ, பார்க்கிறது லேத் பட்டறை வேலை. அதனால கேள்வி மட்டும்தான் என்னுது, பதில் எல்லாம் ஊர்ல கடன் வாங்கினது. கணக்குன்னாலே காத தூரம் ஓடுறவங்க பயப்பட வேண்டாம். கூட்டல், கழித்தல், வகுத்தல் தாண்டி இந்தப் பதிவுல எதுவும் இல்லை.

இன்னொரு விளக்கமும் சொல்லிடறேன். நான் மேட்டுப்பாளையம்னு எழுதினா உடனே ஊட்டி ரயில் எத்தனை மணிக்குன்னு கேக்கறாங்க. அது வேற ஊருங்க. இது புதுச்சேரி மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டையும் லாரி முனையமும் இருக்கிற இடம். மலை ரயில் கிடையாது, டீசல் புகை உண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த வாரத்து எண் 248.

புதுச்சேரியில் ஒரு கிரகணக் கணக்கு

1825-ல் ஜான் வாரன் என்பவர் 'கால சங்கலித' என்று ஒரு புத்தகம் சென்னையில் வெளியிட்டார். பிரெஞ்சுக்காரராகப் பிறந்து ஆங்கிலேயர் படையில் வேலை பார்த்தவர். கோலார் பக்கம் தங்கம் இருக்கு என்று முதலில் எழுதி வைத்ததும் இவர்தான். சென்னை வானாய்வுக் கூடத்தையும் 1805 முதல் சில வருஷம் பார்த்துக்கொண்டார். கடைசி காலம் புதுச்சேரியில். 1830-ல் இங்கேயே இறந்தார்.

அந்தப் புத்தகத்தில் புதுச்சேரியில் இருந்த ஒரு பஞ்சாங்கக் கணக்கரைப் பற்றி எழுதியிருக்கிறார். வாரன் எழுதிய எழுத்துக்கூட்டலில் பெயர் 'சாமி நாடென் சாஷியா'. சாமிநாதன் சேஷய்யாவாக இருக்கும்னு எனக்குத் தோணுது. வாரன் அவரைக் கூப்பிட்டு, 1825 மே 31 - ஜூன் 1 ராத்திரி வரப்போகிற சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்கிறார். மனுஷர் தரையில் உட்கார்ந்தார். பேப்பர் இல்லை, பேனா இல்லை. சோழிகளைத் தரையில் பரப்பி, நகர்த்தி, எடுத்து, வைத்து, வாய்க்குள்ளேயே ஏதோ சொற்களை முணுமுணுத்து விடையைச் சொல்லிவிட்டார். அட்டவணை முழுக்க மண்டைக்குள்ளே!

விடை எப்படி? கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிடம் கூடுதல். நடுவில் 23 நிமிடம் குறைவு. முடிவில் 52 நிமிடம் குறைவு. இதை 1952-ல் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பில் விரிவாக ஆராய்ந்தவர் ஓட்டோ நொய்கெபவர். பாபிலோன் களிமண் பலகைகளைப் படித்தே வாழ்நாளைக் கழித்த கணித வரலாற்று அறிஞர் அவர்.

மொத்த நேரத்துல 56 நிமிஷம் இடிக்குதேன்னு நீங்க கேக்கலாம். கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது, பூமியின் நிழலை நிலா நடுவே கடக்கிறதா, ஓரமா உரசிக்கிட்டுப் போகிறதா என்பதைப் பொறுத்தது. ஓரமாகப் போகும்போது நிலாவின் இடத்தில் சின்னப் பிசகு வந்தாலும் நேரத்தில் அது பெரிசாகத் தெரியும். தொடக்கத்தை 4 நிமிஷத்துக்குள்ள பிடிச்சதைப் பாருங்க. தொலைநோக்கி இல்லாம, எழுதாம, சோழியை வெச்சு.

மனப்பாடத்துக்குள் ஒளிந்திருக்கும் எண்கள்

அவர் முணுமுணுத்த சொற்களுக்கு வாக்கியம்னு பேர். நம்ம வீட்டுல தொங்குற வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அந்தப் பேர் வந்ததே இதனால்தான். வரருசி பெயரில் வழங்கும் சந்திர வாக்கியங்கள் மொத்தம் 248. நாளுக்கு ஒன்று. ஒவ்வொரு வாக்கியமும் பார்க்க ஏதோ நல்ல வார்த்தை மாதிரி இருக்கும், உள்ளே எண் இருக்கும். எழுத்துக்கு எண் கொடுக்கும் இந்த முறைக்குக் கடபயாதி என்று பெயர். க = 1, ட = 1, ப = 1, ய = 1 என்று தொடங்கி வரிசையாகப் போகும். எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

கணக்குக்கு வேண்டிய பெரிய எண்களுக்கும் இப்படிச் செல்லப் பெயர் உண்டு. தேவரம்: தே 8, வ 4, ர 2. திருப்பிப் படித்தால் 248. கலானிலம்: க 1, ல 3, ன 0, ல 3. திருப்பினால் 3031. ரசகெரிக: ர 2, ச 7, கெ 3, ரி 2, க 1. திருப்பினால் 12372.

கடைசிப் பெயரைக் கவனிச்சீங்களா? ஒரு 'க'வுக்கு 3, இன்னொரு 'க'வுக்கு 1. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். ஒலியில் ஒன்று மெலிந்த க, இன்னொன்று வலிந்த க. ஆக, தமிழ் எழுத்தில் மட்டும் எழுதி வைத்தால் கணக்கு போச்சு. வாயால் சொல்லிக் காதால் கேட்டுப் படித்தவருக்குத்தான் அது 12372. மனப்பாடம்னு நாம கேலி பண்றோமே, இங்கே மனப்பாடம்தான் பத்திரமான பெட்டி.

சரி, ஏன் 248?

நிலா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்குத் தூரத்தில் இருக்கும்போது மெதுவாகவும் கிட்டே வரும்போது வேகமாகவும் போகும். தூரத்துப் புள்ளியிலிருந்து கிளம்பித் திரும்பவும் அதே தூரத்துப் புள்ளிக்கு வர 27.55455 நாள் ஆகிறது. அமாவாசைக்கு அமாவாசை இருக்கும் 29½ நாள் வேறு, இது வேறு. குழப்பிக்காதீங்க.

வாக்கியங்கள் அந்தத் தூரத்துப் புள்ளியிலிருந்துதான் தொடங்குகின்றன. முதல் வாக்கியம் 12 பாகை 3 கலை. இரண்டாவது 24 பாகை 9 கலை. மூன்றாவது 36 பாகை 22 கலை. வித்தியாசத்தைப் பாருங்கள்: 12-03, 12-06, 12-13. நிலா மெல்ல மெல்ல வேகம் எடுக்கிறது! நியூட்டனும் இல்லை, கெப்லரும் இல்லை, மனப்பாடச் சொற்களுக்குள்ளே நிலா ஆக்சிலேட்டரை மிதிக்கிறது.

பிரச்சினை என்னன்னா, அட்டவணை போட முழு நாளாக வேண்டும். 27.55455 நாளுக்கு அட்டவணை போட முடியாது. எத்தனை சுற்று போனால் முழு நாள் வரும்?

இரண்டு சுற்று: 55.11 நாள். 55-ன்னு வெச்சுக்கிட்டா 2 மணி 37 நிமிஷம் பாக்கி.

ஒன்பது சுற்று: 247.991 நாள். 248-ன்னு வெச்சுக்கிட்டா 13 நிமிஷம்தான் அதிகம். அடடா!

இதுதான் 248. ஒன்பது தடவை நிலா வேகம் கூடிக் குறைந்து, 248-வது நாளில் ஏறக்குறைய புறப்பட்ட நிலைக்கே வந்துவிடுகிறது. அதற்கப்புறம் முதல் வாக்கியத்திலிருந்து திரும்பச் சொன்னால் போதும். கடைசி வாக்கியம் 27 பாகை 44 கலை. நான் கால்குலேட்டரில் சரிபார்த்தேன். நிலாவின் சராசரி ஓட்டம் நாளுக்கு 13.17636 பாகை. அதை 248-ஆல் பெருக்கி, 9 முழு வட்டத்தைக் கழித்தால் 27 பாகை 44 கலை. கலை சுத்தமாக ஒத்துப் போகிறது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

இனி 3031. 55 நாளில் 157 நிமிஷம் பற்றாக்குறை. 248 நாளில் 13 நிமிஷம் உபரி. பற்றாக்குறையை உபரியால் அடைக்க 12 தடவை 248-ஐ எடுத்து, ஒரு 55-ஐச் சேர்க்கணும். 12 × 248 + 55 = 3031. போட்டுப் பாருங்க, 110 சுற்றுக்கு முக்கால் நிமிஷம்தான் பிசகு. எட்டேகால் வருஷத்துக்கு மேல் ஓடி முக்கால் நிமிஷம்!

அடுத்தது 4 × 3031 + 248 = 12372. கிட்டத்தட்ட 34 வருஷம், 449 சுற்று. இதில் பிசகு சுமார் 10 நிமிஷம்.

இப்ப 1825 கிரகணத்துக்கு நானே போட்டேன். கலியுகத் தொடக்கத்திலிருந்து 1825 மே 31 செவ்வாய்க்கிழமை வரை கழிந்த நாள் 1799312. அதில் தொடக்க எண்ணான 1600984-ஐக் கழித்தால் 198328. இதில் 12372 பதினாறு தடவை போகிறது, மீதி 376. அதில் 3031 போகாது. 248 ஒரு தடவை போகும், மீதி 128. ஆக 128-வது வாக்கியம். அவ்வளவுதான், நிலா எங்கே இருக்குன்னு தெரிஞ்சாச்சு. இதற்குப் பிறகு சூரியன், ராகு என்று கணக்கு நீளும். ஆனால் நிலாவின் வேகத்தைப் பிடிப்பதுதான் கஷ்டமான பகுதி. அதை வெறும் கழித்தலில் முடித்துவிட்டார்கள். கழித்தலுக்குச் சோழி போதும்.

இன்னொரு சமாசாரம். இந்த அட்டவணையில் நிலா சராசரியிலிருந்து அதிகபட்சம் 5 பாகை விலகும். நிஜத்தில் 6 பாகைக்கு மேல் விலகும். அப்ப தப்பா? பௌர்ணமி, அமாவாசை நாளில் சூரியனின் இழுப்பு வேறு பக்கம் வேலை செய்து அந்த 6.29 பாகையில் 1.27-ஐத் தின்றுவிடுகிறது. மீதி 5.02. கிரகணம் வருவதே பௌர்ணமியிலும் அமாவாசையிலும்தானே! கிரகணத்துக்காக ஏற்பட்ட கணக்கு, கிரகணத்தன்று சரியாக இருக்கிறது. யாரோ பல தலைமுறை கண்ணால் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய எண் இது.

லேத் பட்டறையில் அதே கணக்கு

இது எனக்கு ஏன் இவ்வளவு பிடிச்சுது தெரியுமா? இதையே நான் பட்டறையில் பார்த்திருக்கேன்.

பழைய லேத்தில் லீட் ஸ்க்ரூ அங்குல அளவில் இருக்கும். அதில் மில்லிமீட்டர் த்ரெட் வெட்டணும்னா 127 பல் உள்ள கியர் ஒன்று வேணும். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதாவது 127-ஐ ஐந்தால் வகுத்தது. அதனால்தான் 127. அந்தக் கியர் இல்லாத மெஷினில் என்ன செய்வது? 47 பல்லும் 37 பல்லும் போடுவார்கள். 47-ஐ 37-ஆல் வகுத்தால் 1.27027. வேண்டியது 1.27. பத்தாயிரத்தில் இரண்டு பங்கு பிசகு. 248 வந்த அதே வழியில்தான் இந்த 47-ம் 37-ம் வருது.

எங்க பட்டறையில் ஒரு பெரிய டர்னர் இருந்தார். எட்டாங்கிளாஸ். கியர் சார்ட் முழுக்க மனசுல. எந்த பிட்ச் சொன்னாலும் எந்தக் கியரை எங்கே மாட்டணும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவார். ஒரு தடவை வேலை கொடுக்க வந்த கம்பெனியிலிருந்து ஒரு இளம் இன்ஜினியர், ஏன் 47, ஏன் 37ன்னு அவரைக் கேட்டார்.

"அப்படித்தான் சார் வரும்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"அது தெரியாது சார்."

அந்தப் பையன் முதலாளியிடம், இவருக்கு ஒண்ணும் தெரியாது, சார்ட்டை மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கார் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிட்டுப் போனான். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் பின்னாடியே போய்க் கேட்டேன், "அண்ணே, 47-37 எல்லாத்துக்கும் ஓடுமா?"

"நட்டு போல்ட்டுக்கு ஓடும் தம்பி. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஸ்க்ரூ கேட்டா ஓடாது, கடைசியில பிடிக்கும். அப்ப 127 தேடித்தான் ஆகணும்."

ஒரு மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 0.2 மில்லிமீட்டர் வரும். அவர் கணக்குப் போடலை. ஆனா எந்த இடத்தில் தன் எண் கைவிடும்னு அவருக்குத் தெரியும். இதுக்குப் பேர் ஒண்ணும் தெரியாததா?

வாரனும் நம்ம கணக்கரைப் பற்றி இதையேதான் எழுதுகிறார். தத்துவம் ஒரு வார்த்தை கூடப் புரியாதவர், ஆனால் நல்ல ஞாபகசக்தி உள்ளவர் என்று. படிச்சப்போ எனக்கு அந்த டீக்கடை ஞாபகம் வந்துச்சு. அந்தக் கணக்கரின் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 'ஏன்' தெரியாத கணக்குக்கு ஒரு ஆபத்து உண்டு. பிசகு வளர்ந்தால் எதைத் திருத்துவது என்று தெரியாது. நம்ம காரைக்கால் திருநள்ளாறையே எடுத்துக்குங்க. திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2023 ஜனவரி 17. கோயிலில் வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. பதினோரு மாச வித்தியாசம். நிலாவுக்கு ஓடிய முறை சனிக்கு ஏன் ஓடலை? சனியை வியாழன் பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்பு கூடிக் குறைய சுமார் 900 வருஷம் ஆகும். ஐரோப்பாவிலேயே 1785-ல் லாப்லாஸ்தான் அந்த முடிச்சை அவிழ்த்தார். கண்ணால் பார்த்துச் செதுக்க 900 வருஷம் எந்தக் குடும்பத்துக்கும் கிடைக்காது. அங்கேதான் தத்துவம் வேண்டியிருக்கு.

தத்துவம் தெரிந்தவருக்கு நடந்தது

தத்துவம் முழுக்கத் தெரிந்த ஒருவரும் நம்ம ஊருக்கு வந்திருக்கிறார். பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதைப் பார்த்து பூமி-சூரியன் தூரத்தைக் கண்டுபிடிக்க 1760-ல் கிளம்பினார். வருவதற்குள் 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. ஜூன் 6 அன்று ஆடுகிற கப்பலில் இருந்து பார்த்தார். அளவெடுக்க முடியலை. எட்டு வருஷம் காத்திருந்தார். 1768-ல் புதுச்சேரி வந்து, இடிந்து கிடந்த கோட்டை மேலேயே வானாய்வுக் கூடம் கட்டி உட்கார்ந்தார். 1769 ஜூன் 4 காலையில் சரியாக அந்த நேரத்துக்கு மேகம். 1771-ல் ஊர் திரும்பினால், செத்துட்டார்னு முடிவு கட்டி அகாடமி இடத்தையும் கொடுத்துவிட்டார்கள், சொத்துக்கும் பங்காளிகள் கிளம்பிவிட்டார்கள்.

ஆனால் மனுஷர் காத்திருந்த நாளை வீணாக்கவில்லை. இங்கே தமிழர்களிடம் கிரகணக் கணக்கு கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீளத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவு, ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான மேயரின் கணக்கு 68 விநாடி அதிகம் என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு கிரகணத்தை வைத்து யார் பெரியவர்னு தீர்ப்பு சொல்லக்கூடாது. 1825-ல் 56 நிமிஷம் இடித்த அதே முறைதானே. ஆனா அவர் சோழியைப் பார்த்துச் சிரிக்கலை, உட்கார்ந்து கத்துக்கிட்டார். அது எனக்குப் பிடிச்சிருக்கு.

எனக்கு விளங்காத ஒன்று

இதே 248, இதே 3031, எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாபிரஸ் ஏடுகளிலும் இருக்கிறது. 248 பாபிலோன் வரை போகிறது. அதனால் அங்கிருந்து இங்கே வந்திருக்கும் என்பது நொய்கெபவர் போன்றவர்கள் கருத்து. இருக்கலாம். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் ரோமானியப் பானை ஓடுகள் கிடைக்கின்றன. மதுச்சாடி வந்த கப்பலில் கணக்கும் வந்திருக்காதா என்ன?

ஆனா என் பட்டறைப் புத்தி வேற மாதிரி கேக்குது. 47-ம் 37-ம் கோயம்புத்தூர்காரனும் கண்டுபிடிப்பான், மான்செஸ்டர்காரனும் கண்டுபிடிப்பான். ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் காப்பியடிக்க வேண்டியதில்லை. 1.27-க்கு அதைவிடச் சின்னதா நல்ல பின்னம் கிடையாது. அதுபோல 27.55455-க்கு முழு நாள் தேடுற எவனும் 55, 248, 3031-ல்தான் போய் முட்டணும். நிலா ஒன்றுதானே. எண் ஒத்துப் போவதை மட்டும் வெச்சுக் கடன்னு சொல்ல முடியுமா? முறையில் வேறு ஒற்றுமைகள் இருக்கணும். வாக்கியகரணம் நூலை 1962-ல் குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் சென்னையில் பதிப்பித்திருக்கிறார்கள். வடமொழி தெரிந்த நண்பர்கள் யாராவது அதில் இதற்கு வெளிச்சம் இருக்கான்னு பார்த்துச் சொன்னா புண்ணியம்.

அதைவிட முக்கியமா ஒரு வேண்டுகோள். பஞ்சாங்கம் கணித்த குடும்பத்தில் பிறந்தவர்கள் நம்மிடையே நாலைந்து பேராவது இருப்பீங்க. வீட்டுல தாத்தா, பாட்டி யாராவது அந்த வாக்கியங்களைச் சொல்லிக் கேட்டிருந்தா, அர்த்தம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒலியோடு பதிவு செஞ்சு வைங்க. எழுத்தில் எழுதினால் 'க' எந்தக் 'க' என்று தெரியாமல் போகும். 1 எங்கே, 3 எங்கே?

பி.கு.: பட்டறைப் பெரியவர் இப்ப வேலையில் இல்லை. சி.என்.சி. மெஷின் வந்ததும் சேஞ்ச் கியருக்கு வேலை போச்சு, அவரும் நின்னுட்டார். அவர் வாயால் சொன்ன சார்ட்டை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வாங்கி வெச்சிருக்கேன். எந்த எண் எதுவரைக்கும் தாங்கும்னு பக்கத்துலயே குறிச்சும் கொடுத்திருக்கார். அடுத்த பதிவு அதைப் பத்தித்தான்.